மரத்துக்கு முன்னால் காங்கிரீட்டைக் கேளுங்கள்

வீட்டுத் தரை: மும்பை வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் டைல் ஏன் பொள்ளலாக ஒலிக்கிறது என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டைலைப் பற்றியே இல்லை. மரத் தரை போடலாமா, போட்டது ஏன் தூக்குகிறது, எது அசல் மரம் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். செம்பூரில் இருந்துகொண்டு தச்சு வேலையில் தொடங்கி இப்போது தரை வேலை மட்டும் எடுத்துச் செய்கிறவன் நான். கடையில் பலகை விற்கிறவன் இல்லை. அதனால் சில இடங்களில் ‘போடாதீர்கள்’ என்றே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: முலுண்டில் 14வது மாடியில் புது ஃபிளாட். ஹாலுக்கும் பெரிய படுக்கையறைக்கும் டைல் வேண்டாம் என்று பில்டரிடம் சொல்லிவிட்டோம். ஸ்லாப் மேல் இரண்டு அங்குல சிமெண்ட் தளம் போட்டுக் கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. தொட்டால் காய்ந்துதான் இருக்கிறது. ஊரில் மாமனார் அறுத்து வைத்திருக்கும் தேக்குப் பலகையைக் கொண்டுவந்து தீபாவளிக்குள் பதித்துவிடலாம் என்கிறார் கார்ப்பெண்டர். செய்யலாமா? (வாசகி, முலுண்ட்)

பதில்: தீபாவளிக்கு வெறும் தளத்தில் ஜமக்காளம் விரித்துக் கொண்டாடுங்கள் அம்மா. பலகை தை மாதத்துக்குப் பிறகு.

தொட்டால் காய்ந்திருக்கும், உங்கள் கார்ப்பெண்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் தளம் மேலிருந்து கீழாகத்தான் காயும். மேலே அரை அங்குலம் வெளுத்துக் கிடக்கும்போதே அடியில் ஈரம் அப்படியே நிற்கும். திறந்து கிடக்கிறவரை அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவந்து காற்றோடு போய்விடும், யார் கண்ணிலும் படாது. மேலே பலகையைப் போட்டு மூடிவிட்டால் போக வழியில்லாமல் பலகையின் அடிப்பக்கத்தில் ஏறும். அடி ஊதும், மேல்பக்கம் ஊதாது, ஓரங்கள் தூக்கும். மரத் தரையைப் பற்றி எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரே கதைதான்.

இந்த இடத்தில் 28 நாள் கணக்கைக் கொண்டுவந்து குழப்புவார்கள். 28 நாள் என்பது காங்கிரீட் பலம் பிடிக்கிற கணக்கு. காய்கிற கணக்கு வேறு. அதற்குத் தொழிலில் வைத்திருக்கும் தோராயம், அங்குலத்துக்கு ஒரு மாதம். உங்கள் இரண்டு அங்குலத்துக்கு இரண்டு மாதம் ஆயிற்றா? அதையும் தளம் போட்ட நாளிலிருந்து எண்ணக் கூடாது. கொத்தனார் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினாரே, அந்தத் தண்ணீரை வடித்த நாளிலிருந்து எண்ண வேண்டும். தண்ணீர் நிறுத்தியது தப்பில்லை. இப்போது எல்லோரும் வாங்கும் பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் நனைத்து வைக்கச் சொல்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. ஆனால் அந்தப் பத்து நாளும் காய்கிற கணக்கில் சேராது.

அதோடு அந்த ஒரு மாதம் என்பது ஜன்னல் திறந்து உலர்ந்த காற்று ஓடுகிற மாதம். மும்பைக்கு மழை ஜூன் 11 வாக்கில் வந்து அக்டோபர் 8 வாக்கில் விலகும் என்று வானிலைத் துறை தேதி வைத்திருக்கிறது. நடுவில் உள்ள மாதங்களில் கொடியில் போட்ட துண்டே காய்வதில்லை. உங்கள் தளம் போட்டதே மழைக்காலத்தில். ஆகவே அக்டோபர் கடைசியிலிருந்துதான் அது ஒழுங்காகக் காயத் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கை மட்டும் நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒன்றரை அடி சதுரத்துக்குத் தடித்த பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். நான் ஒரு முழு நாள் விடுவேன். பிரிக்கும்போது தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் பூத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் தளம் கறுத்திருந்தாலோ பலகைப் பேச்சே வேண்டாம். நட்ட நடு ஹாலில் ஒரே ஒரு தாள் ஒட்டிவிட்டு ‘ஓகே’ சொல்கிறவர்கள் உண்டு. பாத்ரூம் சுவர் ஓரம் ஒன்று, ஜன்னலடியில் ஒன்று, பால்கனிக் கதவருகில் ஒன்று கட்டாயம்.

இந்தத் தாள் ‘ஈரம் இருக்கிறது’ என்று காட்டினால் நம்பலாம். ‘இல்லை’ என்று காட்டினால் அதையே கடைசி வார்த்தையாக எடுக்க முடியாது. லட்சக்கணக்கில் தேக்குப் போடுகிறவர்கள் துளைச் சோதனையும் செய்துவிடுவது நல்லது. தளத்தின் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளை போட்டு, உறை செருகி மூடி, 24 மணி நேரம் கழித்து உள்ளே இருக்கும் காற்றின் ஈரப்பதத்தைக் கருவியால் பார்ப்பது. பலகைக்காரர்களும் பசைக்காரர்களும் பொதுவாகக் கேட்பது 75 சதவீதத்துக்குள். உங்கள் பசை டப்பாவில் வேறு எண் போட்டிருந்தால் அந்த எண்தான் செல்லும். நம் ஃபிளாட்டுகளில் தளத்துக்குள் மின்குழாய் ஓடும். அது எங்கே ஓடுகிறது என்று பில்டரிடம் கேட்டுக்கொண்டு துளை போடச் சொல்லுங்கள்.

இனி மாமனாரின் தேக்கு. வைரம் பாய்ந்த மரமாகவே இருக்கட்டும், ஊர்க் கொட்டகையில் அடுக்கி வைத்த பலகைக்கும் முலுண்ட் 14வது மாடிக்கும் காற்று வேறு. மரம் இருக்கும் இடத்துக் காற்றுக்குத் தக்கபடி ஈரத்தை எடுக்கும், விடும். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் நிற்கும் ஆடி ஆவணியில் பலகைக்குள் ஈரம் 16 சதவீதத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். நாள் முழுதும் ஏ.சி. ஓடி 50 சதவீதத்தில் இருக்கும் அறையில் 9 சதவீதத்துக்கு இறங்கும். தேக்கு மற்ற மரங்களைவிட அடக்கமானதுதான். இருந்தாலும் 120 மில்லிமீட்டர் அகலப் பலகையில் ஈரம் 4 சதவீதம் ஏறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக அகலும். பன்னிரண்டடி அறையில் அப்படி முப்பது பலகை. கூட்டிப் பாருங்கள், ஓர் அங்குலம் வருகிறது. அந்த அங்குலம் எங்கேயாவது போயாக வேண்டும். சுவரோரம் சுற்றிலும் 10, 12 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மூடுவதும், பலகைகளை உயிர் போக இறுக்கி அடிக்காமல் இருப்பதும் இதற்காகத்தான்.

ஆகவே பலகை இப்போதே வரட்டும், ஆனால் அறைக்குள் நடுவில் கட்டைகள் கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்கி இருக்கட்டும். கார்ப்பெண்டரிடம் மரத்தின் ஈரம் காட்டும் ஊசி மீட்டர் இல்லையென்றால் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். அவர் கையிலிருக்கும் டிரில்லைவிட விலை குறைவுதான். மாதம் ஒருமுறை பத்துப் பலகையில் குத்திப் பார்த்து எழுதி வைக்கட்டும். எண் அசையாமல் நின்ற பிறகு இழைக்கலாம்.

பதிக்கும்போது: தளத்தில் நேராக ஆணி பிடிக்காது. பாலிதீன் தாளை ஒன்றின்மேல் ஒன்று எட்டங்குலம் ஏறும்படி விரித்து டேப் ஒட்டி, அதன் மேல் 18 மி.மீ. ஐ.எஸ். 710 (மெரைன்) பிளைவுட்டைப் போட்டு முடுக்கி, அதன் மேல்தான் பலகை. ஸ்க்ரூ தாளைத் துளைக்கும். அது தவிர்க்க முடியாதது, அதற்காகவும்தான் தளம் முதலில் காய்ந்திருக்க வேண்டும் என்கிறேன். பிளைவுட்டும் பலகையும் சேர்ந்து ஒன்றரை அங்குலம் உயரும். எல்லாக் கதவின் அடியையும் இழைக்க வேண்டிவரும், வாசல் உம்பராவும் (வாசற்படி) கணக்கில் வரட்டும். கார்ப்பெண்டர் வைத்திருக்கும் வெள்ளைப் பசையைத் தளத்தில் பூசி ஒட்டுகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். அது தண்ணீரில் கரைத்த பசை, காய வைத்த மரத்துக்கு மறுபடி தண்ணீர் கொடுப்பதுதான் அது. ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மரத் தரைக்கென்றே விற்கும் பாலியூரித்தேன் பசை, பல் வெட்டிய கரண்டியால் இழுத்து.

கேள்வி: செம்பூரில் 1990களில் கட்டிய கட்டடம், இரண்டாவது மாடி. இருக்கும் டைலை உடைக்க சொசைட்டி அனுமதி தரவில்லை. டைல் மேலேயே வுட்டன் ஃப்ளோரிங் போட்டுவிடலாமா? கனம் தாங்குமா? (வாசகர், செம்பூர்)

பதில்: தாராளமாக. டைலை உடைத்துத் தளத்தை எடுத்து மறுபடி ஊற்றுவதைவிட இது நல்லது. பழைய தளம் எப்போதோ காய்ந்துவிட்டது. கனத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். 8 மி.மீ. லேமினேட் (மரத்தூள் பலகை மேல் மரப் படம் ஒட்டியது) சதுர மீட்டருக்கு 7 கிலோ அளவுதான். இருக்கும் டைல் மேலேயே இன்னொரு மார்பிள் போட்டால் கலவையோடு சேர்த்து 130 கிலோ வரும். சொசைட்டிக் கூட்டத்தில் இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

முதலில் ஒரு நாணயத்தால் டைல் டைலாகத் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளலாக ஒலிப்பதையும் ஆடுவதையும் மட்டும் எடுத்துச் சரிசெய்யுங்கள். பிறகு இரண்டு மீட்டர் அலுமினியப் பட்டியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அடியில் 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிகிற பள்ளங்களை நிரப்ப வேண்டும். பழைய மும்பைக் கட்டடங்களில் மிஸ்திரிகள் பால்கனிப் பக்கமாக நீர் ஓட வாட்டம் கொடுத்திருப்பார்கள். முழுத் தரையும் ஒரே சீராகச் சரிவதால் கேடில்லை. நடுவில் மேடு பள்ளம் இருந்தால்தான் நடக்க நடக்க, பலகைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நாக்கும் காடியும் தேய்ந்து இணைப்பு உடையும்.

மெத்தென்று இருக்கட்டும் என்று அடியில் விரிக்கும் ஃபோமை இரண்டு மடிப்பாகப் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கூடாது. அதுவும் இணைப்பைத்தான் உடைக்கும். கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம் போகக் கூடாதென்றால் ஒரே அடுக்கு, ஆனால் நல்ல ரப்பர் அல்லது கார்க். சுவரோடு செய்த அலமாரியை இப்படி அடியில் ஒட்டாமல் கிடக்கும் ‘மிதக்கும் தரை’ மேல் நிறுத்தி முடுக்காதீர்கள். தரை நகர வேண்டிய இடத்தில் ஆணியடித்த மாதிரி ஆகிவிடும். அலமாரி முதலில், தரை அதன் கால் வரை.

கேள்வி: மாட்டுங்காவில் தரைத்தளம். 1940களில் கட்டிய வீடு, பூப்போட்ட சிமெண்ட் டைல். வெளிநாட்டிலிருந்து வந்த மகன், அதை மூடி மரத் தரை போட்டால் வீடு புதிதாகிவிடும் என்கிறான். (வாசகர், மாட்டுங்கா)

பதில்: வேண்டாம் ஐயா. தம்பியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அந்தக் காலத்துத் தரைத்தளங்களில் தளத்துக்கு அடியில் ஈரம் தடுக்கும் தாளெல்லாம் போட்டிருக்க மாட்டார்கள். மண்ணிலிருந்து ஈரம் எந்நேரமும் ஏறும். அது காய்ந்து முடிகிற ஈரம் இல்லை. இன்றைக்குச் சோதித்து நல்ல எண் வந்தாலும் அடுத்த ஆவணியில் வேறு எண் வரும். டைல் வழியாக இப்போது அது மூச்சு விடுகிறது. பிளாஸ்டிக் போட்டு மூடினால் சுவரோரமாக ஒதுங்கி, சுண்ணாம்புப் பூச்சில் ஏறி, இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூக்கும். அடியில் கட்டை அடித்தால் கரையானுக்கு வீடு கட்டிக் கொடுத்த புண்ணியம். தெருவில் தண்ணீர் நிற்கிற நாட்களைப் பற்றி மாட்டுங்காக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதைவிட, அந்த டைலை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. பாரத் டைல்ஸ் கம்பெனி 1922ல் மும்பையில் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் வீடுகளுக்கென்றே ஒரு தரை அழகு உண்டாயிற்று. உங்களுடையது யார் செய்ததோ தெரியாது, யார் செய்ததாக இருந்தாலும் இப்போது அதே நிறத்தில் கிடைப்பது கஷ்டம். ஆசிட் ஊற்றாமல் கல் தேய்க்கும் ஆளை வைத்து மெதுவாக மெருகேற்றுங்கள். மகனுக்கு மரம்தான் வேண்டுமென்றால் மாடியில் அவனுக்கு அறை இருந்தால் அங்கே போடட்டும்.

கேள்வி: டோம்பிவிலியில் மூன்றாவது மாடி. இரண்டு வருடத்துக்கு முன் போட்ட மரத் தரை, மழை வந்தால் பலகை ஓரங்கள் தூக்கி நடு குழிகிறது. இப்போதே மெஷின் வைத்து சமமாக இழைத்து பாலிஷ் போட்டுவிடலாம் என்கிறார் போட்டவர். (வாசகி, டோம்பிவிலி)

பதில்: மெஷினைத் திருப்பி அனுப்புங்கள். ஈரத்தில் தூக்கியிருக்கும் ஓரத்தை இப்போது இழைத்து எடுத்தால், ஜனவரியில் பலகை காய்ந்து படியும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். அதைச் சரிசெய்ய மறுபடி இழைக்க வேண்டும். மேலே உள்ள மரம் எத்தனை முறை தாங்கும்?

எங்கே தூக்குகிறது என்று பாருங்கள். வீடு முழுக்க ஒரே மாதிரி என்றால் காற்றின் ஈரம்தான், இடைவெளி விடாமல் இறுக்கிப் போட்டிருக்கிறார்கள். ஸ்கர்ட்டிங்கை ஓர் இடத்தில் கழற்றிப் பார்த்தால் பலகை சுவரை முட்டிக்கொண்டு நிற்பது தெரியும். சுற்றிலும் வெட்டி இடம் விட்டால் பாதி வியாதி போகும். பாத்ரூம் சுவரை ஒட்டிய நான்கைந்து வரிசை மட்டும் என்றால் கதை வேறு. நம் கட்டடங்களில் பாத்ரூம் ஸ்லாபைத் தாழ்த்திக் கட்டி, உடைசெங்கல் போட்டு நிரப்பியிருப்பார்கள், மும்பையில் கோபா என்பது. அதற்குள் இறங்கும் நீர் கீழ்வீட்டுக் கூரையில் சொட்டுவதற்கு முன்னாலேயே பக்கவாட்டில் உங்கள் படுக்கையறைத் தரைக்கடியில் உள்ள மணல் சிமெண்டுக்குள் நுழைந்துவிடும். நாஹ்ணி டிராப்பை (பாத்ரூம் தரையில் நீர் வடியும் துளை) துணி வைத்து அடைத்து இரண்டங்குலம் தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் பாருங்கள். நீர் மட்டம் அளவுக்கு மீறி இறங்கினால் வேலை பாத்ரூமில்தான், மரத்தில் இல்லை.

படுக்கையறையில் இராப்பகல் ஏ.சி. ஓடுகிறதா? மேலே உலர்ந்த காற்று, கீழே ஈரம் என்றால் தூக்கல் இன்னும் கூடும். அதை நீங்கள் எழுதவில்லை, கவனியுங்கள்.

கேள்வி: ‘நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப் வுட்டன் ஃப்ளோரிங்’ என்று மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தருகிறார்களே? (வாசகர், நெருள்)

பதில்: அது எஸ்.பி.சி.யாக இருக்கும். சுண்ணாம்புக் கல் பொடியும் பிளாஸ்டிக்கும் சேர்த்து அழுத்தி, மேலே மரப் படம் ஒட்டியது. மட்டமான சரக்கு என்று சொல்ல மாட்டேன், வாடகைக்கு விடும் வீட்டுக்கு நானே போடச் சொல்வேன். மரம் இல்லை, அவ்வளவுதான். லேமினேட்டும் படம்தான், ஆனால் உள்ளே மரத்தூள் பலகை. அதன் இணைப்பில் தண்ணீர் நின்று ஊதினால் பழையபடி இறங்காது. இன்ஜினியர்டு என்று விற்பதுதான் மேலே உண்மையான மரம் உள்ளது. கடையில் ஒரே கேள்வி கேளுங்கள்: மேல் மரம் எத்தனை மில்லிமீட்டர்? 3, 4 என்றால் பிற்காலத்தில் ஒருமுறையாவது இழைக்கலாம். அரை மில்லிமீட்டர் என்றால் கீறல் விழுந்த நாளோடு சரி. என் கட்சியைக் கேட்டால், மும்பை மாடி வீட்டுக்கு முழுத் தேக்கைவிட நல்ல இன்ஜினியர்டுதான் நிம்மதி. உள்ளே மரத் தகடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அகலுவது குறைவு.

கேள்வி: ரே ரோடு மர மார்க்கெட்டில் இடித்த சால்களிலிருந்து (பழைய வரிசைக் குடியிருப்புகள்) எடுத்த பழைய பர்மா தேக்கு கிடைக்கிறது. தரைக்கு ஆகுமா? (வாசகர், முலுண்ட்)

பதில்: ஆகும், அழகாக ஆகும். காய வேண்டியதெல்லாம் காய்ந்து முடிந்த மரம். ஆனால் திறந்த யார்டில் மழையில் நனைந்து கிடந்திருக்கும், மீட்டர் வைக்காமல் வாங்காதீர்கள். காந்தம் வைத்து ஆணி தேடிவிட்டு மெஷினுக்குக் கொடுங்கள், இல்லையென்றால் பிளேடு விலையும் உங்கள் தலையில்தான். ஓட்டையும் பிளவும் போகக் கழிவு நிறைய விழும். அளவுக்கு மேல் கால் பங்கு கூட எடுங்கள்.

கேள்வி: மாமியார் தினமும் பூஜை மூலையில் மாக்கோலம் போடுவார். வேலைக்கு வரும் பாய் (வீட்டு வேலை செய்யும் பெண்மணி) வாளித் தண்ணீரும் ஃபினாயிலும் விட்டுத்தான் போச்சா போடுவார், தரை துடைப்பார். மரத் தரை தாங்குமா? (வாசகி, செம்பூர்)

பதில்: தாங்காது. இரண்டில் போச்சாவை மாற்றலாம், கோலத்தை மாற்றச் சொல்லி வீட்டில் சண்டை வேண்டாம். பாயிடம் மைக்ரோஃபைபர் துணியை நன்றாக முறுக்கிப் பிழிந்து துடைக்கக் காட்டிக் கொடுங்கள். துடைத்த தடம் ஒன்றிரண்டு நிமிடத்தில் மறைய வேண்டும், அதுதான் அளவு. ஃபினாயில் வேண்டாம்.

பூஜை மூலையில் மூன்றடிக்கு மூன்றடி கிரானைட் போட்டுவிடுங்கள். கோலமும் ஈரமும் விளக்கிலிருந்து சிந்தும் எண்ணெயும் அதோடு நிற்கும். வெட் கிரைண்டர் வைக்கிற இடமும் கல்லாகவே இருக்கட்டும். கொலுப்படிக்கு மரத் தரை தாராளம், கால்களுக்கு அடியில் ஃபெல்ட் ஒட்டுங்கள். கிரானைட்டை மரத்தின் உயரத்துக்குச் சமமாக முதலில் பதித்துக் காயவிட்டு, பிறகுதான் பலகை வர வேண்டும். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் 10 மி.மீ. விட்டு மேலே பித்தளைப் பட்டி வைக்கலாம். பட்டியைக் கல் பக்கம் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள், மரத்தோடு சேர்த்து முடுக்க வேண்டாம்.